பாற்புரதமும் நற்கிருமிகளும்

கறந்த பாலைக் காய்ச்சாது வைத்தால் சில நாழிகைக்குள் அது கெட்டுவிடுகிறது. சர்க்கரையும், கொழுப்பும், புரதமும், உப்புக்களும் ஒருங்கே நிறைந்த பாலைப் போல நுண்கிருமிகளுக்கு விருந்தாகும் பொருள் பிறிதொன்று இல்லை எனலாம். அங்ஙனமாயின், பிறந்து மூன்று நாளேயான குழவியின் வயிற்றிலே, உடற்சூட்டோடு, நாளொன்றுக்குப் பலமுறை சென்று தங்கும் தாய்ப்பாலில் நோய்க்கிருமிகள் பெருகி அச்சிற்றுயிரை மாய்த்துவிடாதிருப்பது எங்ஙனம்? குழவிக்கோ தன்னைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் இன்னும் முற்றவில்லை. ஆகவே காவலின் ஒரு பகுதியேனும் பாலிலேயே இருத்தல் வேண்டும். அக்காவலின் இயல்பு யாது, இக்காலத்து மருத்துவர் அதனை எதன்பொருட்டு நாடிச் செல்கின்றனர், அதனோடு நன்மை பயக்கும் கிருமிகளையும் கூட்டுவித்தால் விளையும் பயன் எத்துணைத்து என்பவற்றை இங்குச் சிறிது ஆராய்வோம்.

நாடிச் செல்வதன் காரணத்தை முதற்கண் கூறுவோம். இலண்டனில் அலெக்ஸாண்டர் பிளெமிங் 1928-ஆம் ஆண்டில் பெனிசிலினைக் கண்டறிந்த வரலாறு பள்ளிச் சிறுவரும் அறிந்தது. அம்மருந்து நோயாளர்க்குப் பரவலாக வழங்கப்படுமுன்னரே, 1940-இல், ஆபிரகாம், செயின் என்னும் இருவர், அதனைச் சிதைக்கவல்ல நொதியொன்று சில கிருமிகளிடம் உள்ளதென வெளியிட்டனர். 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய சொற்பொழிவில் பிளெமிங் தாமே, மருந்தைக் குறைந்த அளவில் உட்கொள்வோர் கிருமிகளைக் கொல்லாது அவற்றிற்குப் பயிற்சி அளித்தவரே ஆவர் என்னும் பொருள்பட எச்சரித்தார். அவ்வெச்சரிக்கையை உலகம் பொருட்படுத்தவில்லை. கிருமிக்கொல்லி மருந்து ஒரு கூட்டத்தைக் கொன்றொழிக்கும்பொழுது, அதற்கு அடங்காத ஒன்றிரண்டு எஞ்சுமாயின், அவை தடுப்பாரின்றிப் பெருகும். ஏற்ற இடத்தில் இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிக்கும் கிருமிகளும் உளவாதலின், மறுநாளே அவை பெரும்படையாகிவிடும். இஃதன்றியும், மருந்தை வெல்லுதற்குரிய மரபுக்கூற்றினை ஒரு கிருமி மற்றொன்றுக்கு, இனம் வேறாயினும், கைமாற்றிக் கொடுக்க வல்லது. 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கடங்காத பாக்டீரியாக்களால் நேரே விளைந்த மரணங்கள் உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் என, 2022-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று மதிப்பிட்டது.

இத்துன்பம் மிகக் கொடிதாகக் காணப்படுவது பிறந்த குழவிகளிடத்தே. தில்லி நகரத்துப் பெரிய மருத்துவமனைகள் மூன்றில் 2011 முதல் 2014 வரை செய்யப்பட்டு 2016-இல் வெளிவந்த ஆராய்ச்சியைப் பார்க்குங்கால் நெஞ்சம் நடுங்குகிறது. குருதியில் கிருமி கலந்து நோயுற்ற குழவிகளிடம் மிகுதியாகக் காணப்பட்டது அசினெட்டோபாக்டர் என்னும் கிருமி. அதில் நூற்றுக்கு 82 பங்கு, பல வகை மருந்துகளுக்கு ஒருங்கே அடங்காதது. கையளவே உடலுடைய ஒரு குழவியின் முன்னே, எந்த ஊசியைப் போடுவது என்றறியாது நிற்கும் மருத்துவரின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். புதிய மருந்துகளைத் தேடுதல் ஒரு வழி. நோயே வாராதபடி காத்தல் மற்றொரு வழி. பாலை நோக்கி ஆராய்ச்சியாளர் திரும்பியது இவ்விரண்டாவது வழி பற்றியே.

கோப்பன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பர்க் ஆராய்ச்சிச்சாலையில் ஸோரன்ஸன் என்பாரும் அவர் மனைவியாரும் பசும்பாலின் புரதங்களை ஆராய்ந்து, 1939-இல் அவற்றுள் செந்நிறமான புரதம் ஒன்றினைக் குறித்து எழுதினர். அமிலத்தின் வன்மையை அளக்க நம் ஆய்வுக்கூட மாணவர் நாள்தோறும் கையாளும் பி.எச். என்னும் அளவையை வகுத்தவரும் இந்த ஸோரன்ஸனே. அச்செந்நிறப் புரதம் என்ன தொழில் செய்கிறது என்பது அப்பொழுது விளங்கவில்லை. 1960-ஆம் ஆண்டையொட்டிப் பல ஆய்வுக்கூடங்களில் அது தனியே பிரித்தெடுக்கப்பட்ட பின்னரே, செந்நிறத்திற்குக் காரணம் அது பற்றியுள்ள இரும்பே எனத் தெளிவாயிற்று. லாக்டோஃபெரின் என்பது அதன் பெயர். இலத்தீனில் பாலையும் இரும்பையும் குறிக்கும் இரு சொற்களின் கூட்டு.

ஏறக்குறைய 700 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்ட இச்சங்கிலி, இரண்டு மடல்களாக மடிந்து நிற்கிறது. மடலுக்கு ஒன்றாக இரண்டு இரும்பணுக்களை அது பற்றிக்கொள்ளும். பற்றினால் எளிதில் விடாது. குருதியிலுள்ள டிரான்ஸ்ஃபெரின் என்னும் ஒத்த புரதம் சற்றுப் புளிப்பேறினாலே இரும்பை நழுவவிட்டுவிடும்; லாக்டோஃபெரினோ மிகுந்த புளிப்பிலும் தன் பிடியைத் தளர்த்துவதில்லை. தாய்ப்பாலில் இப்புரதத்தின் பெரும்பகுதி இரும்பின்றி வெறுங்கையோடே இருப்பதால், கண்ட இரும்பையெல்லாம் வாரிக்கொள்ள அது காத்திருக்கிறது.

இதனால் குழவிக்கு என்ன பயன்? நோய் செய்யும் கிருமிகளுள் மிகப் பலவற்றிற்கு இரும்பு இன்றியமையாதது. மூச்சிற்கும் அது வேண்டும். மரபுப்பொருளைப் படியெடுத்து இரண்டாகப் பிரிவதற்கும் அது வேண்டும். 1972-இல் இங்கிலாந்தில் புல்லன் என்பாரும் அவர்தம் துணைவரும் செய்த சோதனை இதனை அழகுற விளக்கியது. குழவிகளுக்கு வயிற்றுப்போக்கை விளைக்கும் எஷரீகியா கோலி என்னும் கிருமியைத் தாய்ப்பாலில் இட்டனர், அது வளரவில்லை. பின்னர் அப்பாலில் இரும்பைக் கலந்து, லாக்டோஃபெரினின் பசி தீருமளவு ஊட்டினர்; காவல் அழிந்தது, கிருமி செழித்தது. உயிருள்ள பிராணிகளிடத்தும் இதனைக் கண்டனர். தாயிடம் பாலுண்ட கினிப்பன்றிக் குட்டிகளின் குடலில் அக்கிருமி குறைவாகவும், செயற்கை உணவுண்ட குட்டிகளிடம் மிகுதியாகவும் இருந்தது. பாலுண்ட குட்டிகளுக்கே இரும்பு மிகுந்த பொருளை ஊட்டியபோது, அவற்றின் குடலிலும் கிருமி பெருகிற்று. தாய்ப்பாலில் நோயெதிர்ப்புப் பொருள்கள் வேறும் உள. எனினும், கோட்டையை முற்றுகையிட்டு உணவு செல்லும் வழியை அடைத்தல் போன்ற இம்முறை மருந்தின் முறையினின்று முற்றும் வேறானது என்பதை நோக்குக.

லாக்டோஃபெரின் செய்வது முற்றுகை மட்டுமன்று. ஒருவகைப் பாக்டீரியாக்களின் புறச்சவ்வில் உள்ள கொழுப்புச் சர்க்கரைப் பொருளை அது பெயர்த்தெடுத்துச் சுவரைப் பலமிழக்கச் செய்கிறது. இரைப்பையிலுள்ள பெப்ஸின் அதனை அறுக்கும்போது 25 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டொன்று பிரிகிறதென்றும், அத்துண்டு முழுப் புரதத்தினும் வன்மையாகக் கிருமிகளைக் கொல்கிறதென்றும் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 1992-இல் வெளியிட்டனர். செரித்தால் ஆற்றல் மிகும் புரதம் என்பது வியப்பன்றோ! 2002-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. சூடோமோனாஸ் என்னும் கிருமி, குளத்துப் படிக்கட்டில் பாசி படர்வது போலத் தன் கூட்டத்தோடு படலமாகப் படிந்துவிடும்; படிந்தபின் மருந்து உள்ளே சென்று அதனைக் கொல்லுதல் மிக அரிது. சிறிதளவு லாக்டோஃபெரின் உள்ள இடத்திலோ, இரும்பு கிட்டாமையால், அக்கிருமி ஓரிடத்துத் தங்காது அலைந்து திரிந்தது, படலம் உருவாகவில்லை.

பாலிலுள்ள வேறொரு புரதத்தையும் இங்குக் குறிப்பிடாது விடுதல் இயலாது. ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகரத்து ஆய்வுக்கூடத்தில், தாய்ப்பாலின் ஆல்பா-லாக்டால்புமின் என்னும் புரதம், ஒலீயிக் அமிலம் என்னும் கொழுப்பமிலத்தோடு கூடியபோது புற்றுநோய் அணுக்களை மாய்ப்பது தற்செயலாகத் தெரியவந்து 1995-இல் வெளியாயிற்று. அவர்கள் தேடப் புகுந்ததோ கிருமிகள் அணுக்களில் ஒட்டுவதைப் பற்றி! அக்கூட்டுப் பொருளுக்கு நீண்டதொரு பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ஹாம்லெட் என வழங்கினர். நம் ஆங்கில இலக்கிய மாணவர் இதனைக் கேட்டுப் புன்னகை புரிவர். அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் இதனை மேலும் ஆராய்ந்தோர், மருந்துக்கடங்காத நியூமோகாக்கஸ் கிருமியும் ஸ்டாபிலோகாக்கஸ் கிருமியும், இப்பொருளைச் சிறிது கலந்தவிடத்து, முன் அடங்காத அதே மருந்துகளுக்கு மீண்டும் அடங்கின என்பதைச் சோதனைக்குழாயிலும் எலிகளிடத்தும் கண்டு 2012-இலும் 2013-இலும் வெளியிட்டனர். கைவிடப்பட்ட பழைய மருந்தைப் பால் மீட்டுத் தருவது போன்றதிது. எனினும் எலியிலிருந்து மனிதனுக்குள்ள தூரம் நெடிது.

இனி நற்கிருமிகளைப் பற்றிப் பேசுவோம். புரோபயாடிக் என்று மேனாட்டார் பெயரிட்டு வழங்கும் இவை, போதிய அளவில் உயிரோடு உட்கொண்டால் உடலுக்கு நன்மை தருவன. பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் டிஸ்ஸியே என்பார், தாய்ப்பாலுண்ணும் குழவிகளின் மலத்தில் கவைக்கோல் போன்ற வடிவுடைய கிருமிகள் மலிந்திருத்தலைச் சென்ற நூற்றாண்டு பிறக்குங்காலத்தே கண்டார், அவையே பிபிடோபாக்டீரியா. அந்நிலையத்தைச் சேர்ந்த மெச்னிக்காஃப், தயிரிலுள்ள புளிப்புக்கிருமிகள் முதுமையைத் தள்ளிப்போடும் என 1907-இல் எழுதியது உலகப் புகழ் பெற்றது. அக்கொள்கை மெய்ப்பிக்கப்பட்டிலது, ஆயினும் குடலிலுள்ள கிருமிகள் எல்லாம் பகையல்ல என்ற எண்ணத்தை அது பரப்பிற்று.

இவை காக்கும் வகை பல. புளிப்பை உண்டாக்கிப் பகைக்கிருமிக்கு இடம் ஒவ்வாததாக்கும். குடலின் சுவரில் இடத்தைப் பற்றிக்கொள்ளும். உணவை முந்தி உண்டுவிடும். இவற்றுட் சில கிருமிகளைக் கொல்லும் நஞ்சையும் சுரக்கும். பாலைப் புளிக்கச் செய்யும் லாக்டோகாக்கஸ் சுரக்கும் நைஸின் என்பது அத்தகையது. 1947-இல் பெயரிடப்பட்ட இது, உணவு கெடாதிருக்கப் பல நாடுகளிலும் சேர்க்கப்படுகிறது.

இங்கேதான் ஓர் ஐயம் எழுதல் வேண்டும். லாக்டோஃபெரின் இரும்பை வாரிக்கொண்டால் பகைக்கிருமியோடு நற்கிருமியும் பட்டினியால் மடியாதோ? நண்பனையும் பகைவனையும் ஒருங்கே வாட்டும் முற்றுகையால் என்ன பயன்? இதற்கு விடை, லாக்டோபசில்லஸ் இனத்தின் வியத்தகு இயல்பில் உள்ளது. அவ்வினத்தைச் சேர்ந்த பிளாண்டாரம் என்னும் கிருமி இரும்பேயின்றி வாழ வல்லது. மற்றவை இரும்பைக் கொண்டு செய்யும் காரியங்களுட் சிலவற்றை அது மாங்கனீஸ் என்னும் உலோகத்தைக் கொண்டு செய்துகொள்கிறது. அதன் உடலில் மாங்கனீஸ் மிகுதியாகச் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே பாற்புரதத்தின் முற்றுகை பகைவனை வாட்டி நண்பனுக்கு இடமளிக்கிறது. புரதத்தையும் நற்கிருமியையும் ஒன்றுசேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்ற எண்ணத்திற்கு இவ்வியல்பு தக்க அடிப்படையாகிறது. (இக்கிருமிகளின் இனப்பெயர்களை 2020-இல் அறிஞர் மாற்றிவிட்டனர், யாவரும் பழகிய பழைய பெயராலேயே இங்குக் குறிக்கிறோம்.)

நற்கிருமியின் ஆற்றல் நோயாளரிடத்தே சோதிக்கப்பட்டதற்கு ஓர் எடுத்துக்காட்டு காண்போம். மெல்போர்ன் நகரத்தில் சிறுநீரக நோயாளர் சிலரின் குடலில், வான்கோமைஸின் என்னும் மருந்துக்கு அடங்காத என்டரோகாக்கஸ் குடியிருந்தது. 1980-களில் அமெரிக்காவில் கார்பாக், கோல்டின் என்னும் இருவர் தேர்ந்தெடுத்ததும் அவர்தம் பெயரின் முதலெழுத்துக்களைத் தாங்கியதுமான லாக்டோபசில்லஸ் ராம்னோசஸ் ஜி.ஜி. என்னும் கிருமி கலந்த தயிரை ஒரு சாராருக்குக் கொடுத்தனர். 2007-இல் வெளியான முடிவு: அத்தயிரை முறையாக உண்டு முடித்த 11 பேரிடமும் அடங்காக் கிருமி காணப்படவில்லை, வெறுந்தயிர் உண்ட 12 பேரில் ஒருவரிடமே அது நீங்கிற்று. ஆனால் பின்னர் மூவரிடம் அது திரும்பிவந்தது. அம்மூவரும், நற்கிருமியைக் கொல்லவல்ல வேறு மருந்துகளை இடையே உட்கொண்டவர்கள். காவலனை நாமே கொன்றால் கள்வன் வாராதிருப்பானோ? எனினும் இச்சோதனை மிகச் சிறியது. பின்வந்த சோதனைகள் யாவும் இதே பயனைக் காட்டினவென்று கூறுதற்கில்லை.

இரண்டையும் கூட்டிக் கொடுத்த புகழ்பெற்ற சோதனை இத்தாலியில் நிகழ்ந்தது. 2007 அக்டோபர் முதல் 2008 ஜூலை வரை, 11 மருத்துவமனைகளில், 1500 கிராமுக்குக் குறைந்த எடையோடு பிறந்த 472 குழவிகளை மூன்று பகுதியாக்கினர். ஒரு பகுதிக்குப் பசும்பாலினின்று பிரித்த லாக்டோஃபெரின் நாளொன்றுக்கு 100 மில்லிகிராம். மற்றொரு பகுதிக்கு அதனோடு மேற்சொன்ன ஜி.ஜி. கிருமி, மூன்றாம் பகுதிக்கு இரண்டுமில்லை. பிறந்து மூன்று நாளுக்குப்பின் குருதியில் கிருமி கலந்து நோயுற்றவர், மருந்தற்ற பகுதியில் நூற்றுக்கு 17.3, புரதம் மட்டும் உண்ட பகுதியில் 5.9, இரண்டும் உண்ட பகுதியில் 4.6. மான்ஸோனி என்பாரும் பிறரும் 2009-இல் இதனை வெளியிட்டபோது மருத்துவ உலகம் பெரிதும் மகிழ்ந்தது. நாம் ஒன்றை மட்டும் கவனித்தல் வேண்டும். 5.9-க்கும் 4.6-க்கும் உள்ள வேறுபாடு, இத்தொகையினரான குழவிகளிடம், தற்செயலாகவும் நேரக்கூடியது. ஆகவே புரதத்தின் பயன் இங்குத் தெரிந்ததேயன்றி, கூட்டினால் பயன் மிகும் என்பது நிலைநாட்டப்படவில்லை.

மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. இங்கிலாந்து முதலிய பிரிட்டிஷ் பகுதிகளில் 37 மருத்துவமனைகள் சேர்ந்து 2203 குழவிகளிடம் செய்த சோதனை 2019-இல் வெளிவந்தது. லாக்டோஃபெரின் பெற்றவரில் நூற்றுக்கு 29 பேரும், பெறாதவரில் 31 பேரும் நோயுற்றனர். அதாவது பயன் ஒன்றும் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் 1542 குழவிகளிடம் செய்து 2020-இல் வெளியிட்டதும் இதனையொத்த முடிவையே கூறிற்று. இத்தாலியில் தோன்றிய பயன் வேறிடத்தில் தோன்றாதது ஏன்? குழவிகள் உண்ட தாய்ப்பாலின் அளவும், மருத்துவமனைகளில் உலவும் கிருமிகளின் வகையும் நாட்டுக்கு நாடு வேறுபடும். தாய்ப்பாலை மிகுதியாக உண்ணும் குழவிக்கு அதிலேயே லாக்டோஃபெரின் உண்டாதலால், புறத்தேயிருந்து சேர்ப்பது மிகையாகவும் கூடும் என்பது எம் கருத்து. அன்றியும், பிந்திய இரு சோதனைகளும் புரதத்தின் பயனைத் தனியே அறிய அமைந்தவை. நற்கிருமியோடு கூட்டிய சேர்க்கையைச் சோதிக்க ஏற்பட்டவையல்ல. சிறு சோதனையின் இனிய எண்களைக் கண்டு பெரிய சோதனைக்குக் காத்திராதவர் ஏமாறுவர் என்பதை விஞ்ஞான மாணவர் இவ்வரலாற்றிலிருந்து நன்கு உணரலாம்.

நற்கிருமியின் பக்கத்திலோ நம் நாட்டிலேயே ஒரு பெருஞ்சோதனை வெற்றி பெற்றது. ஒடிசாவின் சிற்றூர்களில், நாள் நிறைந்தோ நிறைவை அடுத்தோ 2000 கிராமுக்குக் குறையாத எடையோடு பிறந்த 4556 குழவிகளுள் ஒரு சாராருக்கு, முன்பு சொன்ன பிளாண்டாரம் கிருமியையும் அதற்கு உணவாகும் ஒருவகைச் சர்க்கரையையும் கலந்து ஏழு நாள் ஊட்டினர். அறுபது நாள் வரை பார்த்தபொழுது, குருதிநோயோ மரணமோ நேர்ந்தவர் நற்கிருமி பெற்றாருள் நூற்றுக்கு 5.4, பெறாதாருள் 9. பாணிக்கிரகி என்பாரும் பிறரும் 2017-இல் இதனை வெளியிட்டனர். நோயுற்றவர் குறைந்தால் கிருமிக்கொல்லி மருந்து வேண்டுவோரும் குறைவர். மருந்து குறைந்தால் அடங்காக் கிருமி தோன்றுதற்கும் இடம் குறையும். இரும்பு வேண்டாத அதே பிளாண்டாரம், தாய்ப்பாலுண்ணும் குழவிகளிடத்தே இவ்வாறு தொழிற்பட்டது கருதத்தக்கது. தாயின் பாற்புரதமும் ஊட்டிய நற்கிருமியும் அங்கே இயல்பாகவே ஒன்றுகூடின அன்றோ? ஆயினும், அவ்வெற்றியில் புரதத்திற்குப் பங்குண்டா என்பதைச் சோதிக்கும் நோக்கம் அந்த ஆராய்ச்சிக்கு இல்லை.

தீமை வரும் வழிகளையும் சொல்லிவிடுதல் நன்று. நற்கிருமியும் உயிருள்ள கிருமியே. நாள் நிறையாது பிறந்த குழவியின் குடற்சுவர் மெல்லியது. அதனூடே குருதியிற் புகுந்தால் நண்பனே பகைவனாவான். அவ்வாறு ஒரு குழவி இறந்ததையொட்டி, அமெரிக்க நாட்டு உணவு மருந்து ஆட்சியினர் 2023-இல் மருத்துவர்களை எச்சரித்தனர். நற்கிருமிகளுட் சில, மருந்தை வெல்லும் மரபுக்கூற்றைப் பிறவற்றிற்குக் கைமாற்றக் கூடியனவாக இருக்கலாமாதலின், அதனையும் சோதித்தறிந்தே தேர்ந்தெடுத்தல் வேண்டும். பகைக்கிருமிகளும் வாளா இருப்பதில்லை. மூளைச்சவ்வு அழற்சியை உண்டாக்கும் மெனிஞ்சோகாக்கஸ், மனித லாக்டோஃபெரினின் கையிலிருந்தே இரும்பைப் பறித்துக்கொள்ளும் கருவியைத் தன் மேனியில் வைத்திருக்கிறது!

இவ்வளவும் படித்த நண்பர் சிலர், நம் வீட்டில் உறைமோர் ஊற்றித் தோய்த்த தயிர் போதாதோ என்று வினவுவர். தயிர் நல்ல உணவு என்பதில் எமக்கு ஐயமில்லை. வெயிற்காலத்து மோருக்கு நிகரான பானத்தையும் யாம் அறியோம். ஆயினும் ஒரு வீட்டு உறையில் உள்ள கிருமி அடுத்த வீட்டு உறையில் இருக்க வேண்டுவதில்லை. மேற்கூறிய சோதனைகளோ பெயரும் எண்ணும் இட்டுக் காக்கப்பட்ட ஒரே கிருமியைக் குறித்த அளவில் கொடுத்துச் செய்தவை. அவற்றின் முடிவைத் தயிருக்கு ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. அவ்வாறே, காய்ச்சிய பசும்பாலைப் பருகுவோர்க்கு லாக்டோஃபெரின் கிட்டும் என்று எண்ணுதலும் தவறு. கொதிநிலைச் சூட்டில் அதன் மடிப்புக் குலைந்துவிடும்.

அளவைப் பற்றிய கணக்கொன்று எஞ்சியுள்ளது. பசும்பால் ஒரு லிட்டரில் லாக்டோஃபெரின் ஏறத்தாழ 100 மில்லிகிராமே உண்டு. இத்தாலியக் குழவி ஒன்றின் ஒரு நாளைய மருந்துக்கு ஒரு லிட்டர்ப் பால் வேண்டும்; ஒரு கிலோகிராம் தூளுக்குப் பதினாயிரம் லிட்டர். தாய்மாரின் சீம்பாலிலோ லிட்டருக்கு 6 கிராமும் அதற்கு மேலும் இருக்கிறது. நம் நாட்டுப் பகுதிகள் பலவற்றில், கெட்ட பால் என்று எண்ணிப் பிழிந்து கொட்டிவிடும் வழக்கம் இருந்துவந்த அம்மஞ்சட்பாலில், அந்த 100 மில்லிகிராமைப் பெறுதற்கு 20 மில்லிலிட்டருக்கும் குறைவே போதும். அதாவது இரண்டொரு சங்கு.